டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஆனால் டேட்டா ஃபைல் தானாக வளரவில்லை

கரையோரம் | செவ்வாய், இரவு 11.48

வணக்கம். நான்கு நாளாகப் போராடுகிறேன், விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2019, ஸ்டாண்டர்ட் எடிஷன். ஒரே டேட்டா ஃபைல், 412 ஜிபி. அது இருக்கும் டிரைவ் 1 டிபி, அதில் இன்னும் 380 ஜிபி காலி. ஆட்டோகுரோத் (இடம் தீர்ந்தால் ஃபைல் தானாக வளரும் அளவு) 10 சதவீதம், உச்சவரம்பு கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை முதல் ஃபைல் வளரவே இல்லை. பகலில் திடீரென்று புதிய பதிவு சேர்க்கும் எல்லா இன்செர்ட்டும் நின்றுவிடும், அப்ளிகேஷனில் டைம்அவுட் மழைதான். படிக்கும் செலெக்ட் மட்டும் ஒழுங்காக ஓடும். பழைய தற்காலிக டேபிள்களைத் தேடி அழித்துக் கொஞ்சம் இடம் எடுத்துக் கொடுத்தால் சில மணி நேரம் ஓடும், பிறகு அதே கதை.

சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து பார்த்தாயிற்று. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் நானே ஒரு இன்செர்ட் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஆகியும் அசையவில்லை, நிறுத்திவிட்டேன். பயந்துபோய் ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டிய இண்டெக்ஸ் ரீபில்ட் ஜாபையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

குழப்பம் என்னவென்றால், இதே டேட்டாபேஸ் பழைய சர்வரில் மூன்று வருடம் இதே செட்டிங்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. 5 மாதம் முன்பு பேக்கப் எடுத்துப் புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்தோம், அவ்வளவுதான்.

---

நள்ளிரவுப்பணி | புதன், அதிகாலை 12.10

காரணத்தைப் பிறகு தேடலாம், முதலில் உங்கள் அப்ளிகேஷனை மூச்சுவிட வைப்போம். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் ஆல்டர் டேட்டாபேஸ் மாடிஃபை ஃபைல் கொடுத்து ஃபைல் அளவைக் கையால் 413 ஜிபி ஆக்குங்கள். 1 ஜிபி மட்டும் கூட்டுங்கள், அதிகம் வேண்டாம். அது முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் எனக்கு மிக முக்கியம்.

இரண்டாவது, அப்ளிகேஷன் காட்டும் பிழையை மறந்துவிடுங்கள். அங்கே வெறும் டைம்அவுட் என்றுதான் வரும். சர்வரின் எரர் லாக்கைத் திறந்து பிழை எண் என்ன என்று பாருங்கள். 1105 என்றால் ஃபைல்குரூப் (டேட்டா ஃபைல்களின் தொகுப்பு) நிறைந்துவிட்டது. 9002 என்றால் சிக்கல் மாற்றங்களைப் பதியும் டிரான்சாக்ஷன் லாக்கில், டேட்டா ஃபைலில் இல்லை. 5149 வந்து கூடவே ஆபரேட்டிங் சிஸ்டம் பிழை 112 இருந்தால் டிஸ்க்கில் நிஜமாகவே இடம் இல்லை. 5144 வந்தால் விஷயமே வேறு. எண் தெரியாமல் ஆளாளுக்கு யோசனை சொன்னால் நீங்கள்தான் அலைக்கழிவீர்கள்.

கூடவே ஃபைல் விவரம் தரும் சிஸ்.டேட்டாபேஸ்_ஃபைல்ஸ் என்ன காட்டுகிறது என்றும் போடுங்கள். செட்டிங் திரையில் பார்த்ததை நம்ப வேண்டாம்.

---

புதியவன்27 | புதன், அதிகாலை 12.31

இலவச எக்ஸ்பிரஸ் எடிஷனாக இருக்குமோ? எங்களுக்கு அப்படித்தான் ஆனது. டிஸ்க் காலியாக இருந்தும் வளரவில்லை.

---

நள்ளிரவுப்பணி | புதன், அதிகாலை 12.36

நல்ல சந்தேகம்தான், ஆனால் அவர் ஸ்டாண்டர்ட் என்று எழுதியிருக்கிறார். எக்ஸ்பிரஸ் என்றால் 2008 ஆர்2 முதல் 2022 வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் அனுமதி, 412 வரை வந்திருக்கவே முடியாது. அந்த வரம்பில் லாக் ஃபைல் கணக்கில் சேராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 10 ஜிபி அருகே நின்றுபோய் 1827 என்ற எண் வந்தால் அந்தப் பக்கம் போகலாம்.

---

ஆரக்கிள்பக்கம் | புதன், காலை 7.05

நான் ஆரக்கிள்காரன், இருந்தாலும் எங்கள் பக்கத்து அனுபவத்தைச் சொல்லி வைக்கிறேன். தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும். எங்களுக்கு இதே நிலை ஓஆர்ஏ 01653 என்ற பிழையாக வரும். ஆட்டோஎக்ஸ்டெண்ட் ஆன், உச்சவரம்பு அன்லிமிடெட், டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான ஜிபி காலி, ஆனாலும் டேபிள் வளராது. காரணம், ஸ்மால்ஃபைல் டேபிள்ஸ்பேஸில் (டேட்டா ஃபைல்களின் தொகுப்பு) ஒரு டேட்டா ஃபைலுக்கு ஏறக்குறைய 40 லட்சம் பிளாக்தான். பிளாக் 8 கேபி என்றால் 32 ஜிபியோடு முடிந்தது. அன்லிமிடெட் என்று எழுதியிருந்தாலும் அதன் பொருள் அந்த 32 ஜிபிதான். இன்னொரு டேட்டா ஃபைல் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் அப்படி ஒரு மறைவான வரம்பு உண்டா?

---

எட்டுகேபி | புதன், காலை 7.40

உண்டு, ஆனால் வெகு தூரத்தில். டேட்டா ஃபைல் ஒன்றுக்கு 16 டிபி, லாக் ஃபைல் ஒன்றுக்கு 2 டிபி. 412 ஜிபிக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. மைஎஸ்க்யூஎல் இன்னோடிபியில் வேறு ஒரு பொறி இருக்கிறது: சிஸ்டம் டேபிள்ஸ்பேஸில் பல ஃபைல் கொடுத்திருந்தால் கடைசி ஃபைல் மட்டுமே தானாக வளரும். அதற்கு மேக்ஸ் போட்டிருந்தால் அங்கேயே நின்று, டேபிள் நிறைந்துவிட்டது என்று 1114 வரும்.

கரையோரம் அவர்களே, எண்களுக்காகக் காத்திருக்கிறோம்.

---

கரையோரம் | புதன், காலை 9.20

இரவே 1 ஜிபி கூட்டினேன். 9 விநாடி ஆனது. கூட்டிய உடனே அப்ளிகேஷன் ஓட ஆரம்பித்துவிட்டது. நள்ளிரவுப்பணி அண்ணா, நான்கு நாளில் முதல் முறையாக நிம்மதியாகப் படுத்தேன். மிக்க நன்றி. காலையில் இன்னும் 3 ஜிபி கூட்டி வைத்திருக்கிறேன்.

நான் கூட்டுவதற்கு முன் எடுத்த விவரம்: சைஸ் 54001664, மேக்ஸ்_சைஸ் -1, குரோத் 10, சதவீதமா என்ற நெடுவரிசையில் 1. ஃபைலுக்குள் காலியாக இருந்தது 60 எம்பிகூட இல்லை.

எரர் லாக்கில் நீங்கள் சொன்ன 5144தான் வரிசையாக நிற்கிறது. ஃபைலின் ஆட்டோகுரோ பயனரால் ரத்து செய்யப்பட்டது அல்லது 30 ஆயிரத்துச் சொச்சம் மில்லிவிநாடியில் காலாவதியானது என்று. நாங்கள் யாரும் எதையும் ரத்து செய்யவில்லை. ஒரு மணி நேரத்தில் 40, 50 முறை பதிவாகியிருக்கிறது.

---

எட்டுகேபி | புதன், காலை 10.15

விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இது புரியாமல் செட்டிங்கை மட்டும் மாற்றினால் வேறு உருவத்தில் திரும்பி வரும்.

சைஸ் நெடுவரிசை 8 கேபி பக்கங்களில் இருக்கும். 128 பக்கம் ஒரு எம்பி. 54001664 பக்கம் என்றால் சரியாக 412 ஜிபி. மேக்ஸ்_சைஸ் -1 என்றால் வரம்பு இல்லை. ஆக டேட்டாபேஸ் வளர மறுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வளரத் தொடங்குகிறது, ஆனால் முடிப்பதற்குள் நிறுத்தப்படுகிறது.

ஃபைலை வளர்க்கும் வேலையைப் பின்னணியில் வேறு யாரோ செய்வதில்லை. எந்த இன்செர்ட்டுக்கு இடம் போதவில்லையோ, அந்த இன்செர்ட்டின் நேரத்துக்குள்தான் அது நடக்கிறது. 412 ஜிபியில் 10 சதவீதம் 41 ஜிபி. உங்கள் டிஸ்க் 1 ஜிபியை 9 விநாடியில் முடித்தது. அப்படியானால் 41 ஜிபிக்கு 370 விநாடி, 6 நிமிடத்துக்கு மேல். டாட்நெட் அப்ளிகேஷன் டேட்டாபேஸோடு பேசும் அடோ.நெட்டில் கமாண்ட்டைம்அவுட் (ஒரு கட்டளைக்குக் காத்திருக்கும் நேரம்) யாரும் மாற்றாவிட்டால் 30 விநாடி. 30 ஆனதும் அப்ளிகேஷன் கைவிடுகிறது, சர்வர் அதுவரை செய்த வளர்ச்சியை அப்படியே திரும்பப் பெறுகிறது. ஃபைல் மறுபடி 412. அடுத்த இன்செர்ட் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. இப்படியே ஆயிரம் முறை முயன்றாலும் 30 விநாடிக்குள் 370 விநாடி வேலை முடியாது. லாக்கில் "பயனரால் ரத்து" என்று வருவது உங்கள் அப்ளிகேஷனின் பொறுமை முடிந்ததைத்தான்.

நீங்கள் ஸ்டூடியோவில் கொடுத்த இன்செர்ட்டுக்கு இயல்பாக டைம்அவுட் கிடையாது. அதன் முறை வந்து இன்னும் சில நிமிடம் விட்டிருந்தால் ஃபைலை வளர்த்துக் கொடுத்திருக்கும். நிறுத்தி வைத்த ஞாயிறு ஜாபும் அப்படித்தான், ஜாப்களை நேரப்படி ஓட்டும் ஏஜெண்ட்டில் ஓடும் டிஎஸ்க்யூஎல் கட்டளைகளுக்கு 30 விநாடிக் கெடு இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த நிலையில் இருந்தால் நானும் அந்த ஜாபை நிறுத்தியிருப்பேன்.

ஒரு சின்னக் கேள்வி. 5 மாதத்தில் இது முதல் வளர்ச்சியா?

---

தாழ்ப்பாள் | புதன், காலை 11.02

எட்டுகேபி எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். "ஒரு இன்செர்ட் வளர்க்கப் போனால் மற்றவை ஏன் நிற்கின்றன" என்று அடுத்துக் கேள்வி வரும்.

ஃபைலை ஒருவர் வளர்க்கும்போது அந்த ஃபைல்குரூப்பில் புது இடம் கேட்கும் மற்ற எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும். லாட்ச் (சர்வரின் உள்பூட்டு) விவரத்தில் எஃப்ஜிசிபி_ஆட்_ரிமூவ் என்று கூட்டமாகத் தெரியும். வளர்க்கும் அந்த ஒருவரின் வெயிட் டைப் (காத்திருப்பின் வகை) ப்ரீஎம்ப்டிவ்_ஓஎஸ்_ரைட்ஃபைல்கேதர். இந்தப் பெயரைக் கண்டால் புரிந்துகொள்ளுங்கள்: சர்வர் புதிய இடம் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதிக்கொண்டிருக்கிறது. செலெக்ட் ஓடியதற்குக் காரணமும் இதுதான். படிப்பதற்குப் புது இடம் தேவையில்லை.

வாசலில் நின்றவர்களுக்கும் அதே 30 விநாடிதான் என்பதால் அவர்களும் சேர்ந்து கைவிடுகிறார்கள். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்க முழு டேட்டாபேஸும் செத்த மாதிரித் தெரிகிறது.

---

கோடுஎழுதுபவன் | புதன், மதியம் 12.20

அப்படியானால் கமாண்ட்டைம்அவுட்டை 600 ஆக்கினால் போதுமே? கனெக்ஷன் வகுப்பில் ஒரு வரி மாற்றம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், பிறகு பிழை வரவில்லை.

---

தாழ்ப்பாள் | புதன், மதியம் 12.41

பிழை வராது, உண்மைதான். ஆனால் 6 நிமிடம் ஒரு இன்செர்ட்டும் நடக்காது. பணம் கட்டுபவரோ மருந்துச் சீட்டுப் பதிபவரோ அந்த 6 நிமிடமும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்ளிகேஷன் பகிர்ந்து பயன்படுத்தும் கனெக்ஷன் பூலில் இயல்பாக 100 கனெக்ஷன்தான். எல்லாம் காத்திருப்பில் மாட்டினால் படிக்க வருபவருக்கும் கனெக்ஷன் கிடைக்காது. இப்போது பாதி ஓடுகிறது, அப்போது அதுவும் நிற்கும். மேலும் 10 சதவீதம் என்பது ஃபைலோடு சேர்ந்து பெருகிக்கொண்டே போகும். 600 போதாமல் 900 ஆக்குவீர்கள்.

அவசரத்துக்கு ஒரு மணி நேரம் அப்படி வைத்தால் புரிந்துகொள்வேன். தீர்வாக ஏற்க முடியாது.

---

கோடுஎழுதுபவன் | புதன், மதியம் 1.05

பூல் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. எங்கள் ஃபைல் 20 ஜிபிதான், அதனால் தெரியாமல் இருந்திருக்கிறது. பார்க்கிறேன்.

---

கரையோரம் | புதன், மாலை 4.30

எட்டுகேபி கேட்டதற்கு: முதல் வளர்ச்சி இல்லை. சர்வர் தானாகப் பதிந்து வைக்கும் டிஃபால்ட் டிரேஸ் ஃபைல்களைத் திறந்து டேட்டா ஃபைல் ஆட்டோகுரோ நிகழ்வுகளை, அதாவது 92ஆம் எண்ணை, மட்டும் வடிகட்டினேன். ஒரே ஒரு வெற்றி இருக்கிறது. ஒரு ஞாயிறு அதிகாலை 2.17, இண்டெக்ஸ் ரீபில்ட் நேரம். டியூரேஷன் ஏறக்குறைய 33 கோடியே 70 லட்சம். முதலில் மில்லிவிநாடி என்று நினைத்துத் திகைத்தேன், பிறகுதான் அது மைக்ரோவிநாடி என்று தெரிந்தது. 337 விநாடி. 374.5 ஜிபியிலிருந்து 412க்குப் போயிருக்கிறது, அதாவது 37.5 ஜிபி. ஒரு ஜிபிக்கு 9 விநாடி, கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆக ரீஸ்டோர் செய்தபின் இடம் தீர்ந்த முதல் முறை தற்செயலாக இரவு ஜாபில் வந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் முறை சனிக்கிழமை பகலில், அப்ளிகேஷனின் கையில்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. பழைய சர்வரின் டிஸ்க் இதைவிட மெதுவானது. அங்கே பகலிலும் பல முறை வளர்ந்திருக்க வேண்டும். அங்கே ஏன் இது வரவில்லை?

---

நள்ளிரவுப்பணி | புதன், இரவு 9.15

இந்தக் கேள்விக்காகத்தான் முதலிலேயே கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன்.

1 ஜிபிக்கு 9 விநாடி என்றால் சர்வர் பூஜ்ஜியம் எழுதுகிறது. இன்ஸ்டண்ட் ஃபைல் இனிஷியலைசேஷன் இயங்கினால் டேட்டா ஃபைலுக்கு 1 ஜிபி கண் இமைப்பதற்குள் முடிந்திருக்கும், 41 ஜிபியும் அப்படியே. இடத்தை விண்டோஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, பழைய உள்ளடக்கத்தைத் துடைக்காமலே பயன்படுத்தத் தொடங்கிவிடும். அதற்கு எஸ்க்யூஎல் சர்வீஸ் ஓடும் கணக்குக்குப் "பெர்ஃபார்ம் வால்யூம் மெயின்டெனன்ஸ் டாஸ்க்ஸ்" என்ற விண்டோஸ் உரிமை வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருக்கும் கணக்குக்கு அது இயல்பாகவே உண்டு.

என் ஊகம்: பழைய சர்வரில் எஸ்க்யூஎல் சர்வீஸ் அட்மின் கணக்கில் ஓடியிருக்கும். புதிய சர்வரில் பாதுகாப்பை ஒட்டித் தனிக் கணக்கு கொடுத்திருப்பீர்கள், இன்ஸ்டால் செய்தபோது அந்த உரிமைக்கான கட்டத்தில் டிக் போடாமல் விட்டிருப்பீர்கள். 2016 முதல் அந்தக் கட்டம் இருக்கிறது, ஆனால் தானாக டிக் ஆகியிருக்காது. 10 சதவீத செட்டிங் பேக்கப்போடு கூடவே வந்துவிட்டது. புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸுக்கு 2016 முதல் 64 எம்பிதான் இயல்பு. ரீஸ்டோர் செய்தால் பழைய செட்டிங்தான்.

சரிபார்க்க, சிஸ்.டிஎம்_சர்வர்_சர்வீசஸில் இன்ஸ்டண்ட்_ஃபைல்_இனிஷியலைசேஷன்_எனேபிள்ட் நெடுவரிசையைப் பாருங்கள். ஒய் (ஆம்) அல்லது என் (இல்லை) என்று இருக்கும்.

---

கரையோரம் | புதன், இரவு 9.32

என்.

பழைய சர்வரின் ஆவணத்தையும் எடுத்துப் பார்த்தேன். லோக்கல் அட்மின் கணக்கில்தான் ஓடியிருக்கிறது. நீங்கள் நேரில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியானால் சர்வீஸ் கணக்கை அட்மின் குழுவில் சேர்த்துவிடலாமா?

---

எட்டுகேபி | புதன், இரவு 9.50

வேண்டவே வேண்டாம். அட்மினிலிருந்து எடுத்தவர் சரியான வேலை செய்திருக்கிறார், அதைக் கெடுக்காதீர்கள். லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் அந்த ஒரு உரிமையை மட்டும் சர்வீஸ் கணக்குக்குக் கொடுங்கள். சர்வீஸை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால்தான் அமலுக்கு வரும்.

பாதுகாப்புக் குழு ஒரு கேள்வி கேட்கும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். துடைக்காமல் எடுப்பதால், அந்த இடத்தில் முன்பு அழிக்கப்பட்ட ஃபைல்களின் மிச்சம் கிடக்கக்கூடும். டேட்டா ஃபைலை நேரடியாகத் திறக்கக்கூடியவர் அதைப் பார்க்க முடியும். அந்த டிரைவ் எஸ்க்யூஎல்லுக்கு மட்டும் என்றால், ஃபைலின் அனுமதிகளும் இறுக்கமாக இருந்தால், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். டிடிஇ (டேட்டாபேஸைக் குறியாக்கம் செய்வது) போட்டிருந்தால் டேட்டா ஃபைலுக்கு இன்ஸ்டண்ட் ஃபைல் இனிஷியலைசேஷன் வேலை செய்யாது, அப்போது சிறிய குரோத் ஒன்றுதான் வழி.

உரிமை கிடைத்தாலும் 10 சதவீதத்தை மாற்றுங்கள். நிலையான 1 ஜிபி வையுங்கள். என்றைக்காவது அந்த உரிமை மறுபடி போனாலும் 9 விநாடியில் முடிந்துவிடும், 30 ஆகாது.

---

புதியவன்27 | வியாழன், காலை 8.10

ஒரு சந்தேகம். அவர் டேபிள்களை அழித்து இடம் எடுத்தாரே, அதற்குப் பதில் ஷ்ரிங்க் கொடுத்திருந்தால் எளிதாக இருந்திருக்காதா?

---

தாழ்ப்பாள் | வியாழன், காலை 8.34

ஷ்ரிங்க் என்பது ஃபைலுக்குள் காலியாக இருக்கும் இடத்தை டிஸ்க்குக்குத் திருப்பித் தருவது. இவருக்கு டிஸ்க்கில் 380 ஜிபி இருந்தது, ஃபைலுக்குள்தான் பஞ்சம். ஷ்ரிங்க் கொடுத்திருந்தால் மிச்சம் இருந்த 60 எம்பியும் போயிருக்கும். கூடவே, பக்கங்களை இடம் மாற்றி மாற்றி இண்டெக்ஸைத் துண்டு துண்டாக்கிவிடும். அதைச் சரிசெய்ய ரீபில்ட் ஓட்டினால் ஃபைல் திரும்ப வளர வேண்டும். வாராவாரம் ஷ்ரிங்க் ஜாபும் ஆட்டோகுரோத்தும் ஒன்றையொன்று துரத்தும் சர்வர்களைப் பார்த்திருக்கிறேன், மனது வலிக்கும். ஆட்டோ ஷ்ரிங்க் ஆன் ஆக இருந்தால் இன்றே ஆஃப் செய்யுங்கள்.

---

நள்ளிரவுப்பணி | வியாழன், காலை 9.00

இன்னொன்று. ஆட்டோகுரோத் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், அது ஆன் ஆகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதை நம்பித் தினசரி வண்டியை ஓட்டக் கூடாது. 5 மாதத்தில் 37 ஜிபி தேவைப்பட்டிருக்கிறது என்று உங்களுக்கே இப்போது தெரியும். ஒரு வருடத்துக்கு 100 ஜிபி வேண்டும் என்று வைத்து, ஆள் குறைந்த நேரத்தில் நீங்களே கையால் வளர்த்து வையுங்கள். உள்ளே காலி இடம் 15 சதவீதத்துக்குக் கீழே போனால் மின்னஞ்சல் வருகிற மாதிரி ஒரு ஜாப் போடுங்கள். டிஸ்க்கின் காலி இடத்துக்கு மட்டும் அலாரம் வைத்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த அலாரம் உங்களுக்கு இந்த நான்கு நாளும் ஒரு முறைகூட அடித்திருக்காதே?

---

கரையோரம் | திங்கள், காலை 10.25

அடிக்கவே இல்லை, அண்ணா. 380 ஜிபி காலி என்று பச்சை விளக்குதான் காட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை இரவு வேலையை முடித்தோம். பாதுகாப்புக் குழு எட்டுகேபி சொன்ன அதே கேள்வியைக் கேட்டது, டிரைவ் தனி என்பதால் ஒப்புக்கொண்டார்கள். உரிமை கொடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் நெடுவரிசை ஒய் ஆனது. சோதனைக்கு முதலில் 20 ஜிபி கூட்டினேன், ஒரு விநாடிகூட ஆகவில்லை. பிறகு 520 ஜிபி வரை கொண்டுபோய் வைத்துவிட்டேன். குரோத் 1 ஜிபி. ஞாயிறு ஜாபைத் திரும்ப இயக்கினேன், சுத்தமாக ஓடியது. எரர் லாக்கில் ஒரு 5144கூட இல்லை.

கடைசியாக ஒன்று: லாக் ஃபைலையும் பார்த்தேன். 38 ஜிபி, அதற்கும் 10 சதவீதம்தான். உரிமை வந்துவிட்டதால் அதை அப்படியே விடலாமா?

---

எட்டுகேபி | திங்கள், காலை 10.40

விடாதீர்கள், உடனே மாற்றுங்கள். அந்த உரிமை லாக் ஃபைலுக்கு உதவாது. லாக் எங்கே முடிகிறது என்று ரிகவரி (டேட்டாபேஸை மீட்டெடுக்கும் வேலை) கண்டுபிடிக்கப் புதிய இடம் முழுக்க ஒரே மதிப்பால் நிரம்பியிருந்தாக வேண்டும், அதனால் எப்போதும் எழுதித்தான் தீர வேண்டும். 2022இல்தான் 64 எம்பி வரையான வளர்ச்சிக்குச் சலுகை வந்தது, நீங்கள் 2019. லாக் அதே வேக டிஸ்க்கில் இருந்தால் 3.8 ஜிபியை 9ஆல் பெருக்கிப் பாருங்கள்.

---

கரையோரம் | திங்கள், காலை 10.52

லாக்கும் அதே வேக டிஸ்க்தான். 34 விநாடி வருகிறது.

512 எம்பி ஆக்கிவிட்டேன்.